மேல் கார்டு தொண்ணூற்றாறு டிகிரி

மணிமொழி நிஜ விமானத்தில் ஏறியது மொத்தம் இரண்டு முறை. அண்ணன் மகன் ஜவஹரின் கல்யாணத்துக்கு டெல்லி போனபோது ஒன்று, திரும்பி வந்தபோது ஒன்று. இரண்டு தடவையும் ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை. ஆனால் மந்தைவெளியில் தன் வீட்டு உள்ளறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவர் ஓட்டிய விமானங்களுக்கு அளவே இல்லை. தமிழ்நாட்டில் விமான நிலையம் உள்ள ஊர்களில் அவர் இறங்காத ஊர் கிடையாது. விமான நிலையம் இல்லாத ஊர்களில் நெடுஞ்சாலை மேலேயே இறங்கியிருக்கிறார்.

சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். 1979இல், இருபத்தோரு வயதில், டெலிபோன் துறையில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு வீட்டில் காத்திருக்க வேண்டிய காலம் அது. பெரிய கூடம் ஒன்றில் எண்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் 'போர்டு' என்ற பலகையில் ஒயரைச் செருகி ஊரை ஊரோடு சேர்த்துவைப்பார்கள். மணிமொழிக்குப் பக்கத்து நாற்காலி ஹாஜிரா பீ. ராயப்பேட்டைக்காரர், இரண்டு வயது மூத்தவர். பதினாலு வருஷம் இருவரும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். மறுமுனையில் திருநெல்வேலி எக்ஸ்சேஞ்சில் பேச்சியம்மாள் என்றொரு ஆபரேட்டர் இருந்தார். "என்ன மெட்ராஸ், லைன்ல ஒரே இரைச்சலா கெடக்கு, அங்க மழையா?" என்பார். ஒன்பது வருஷம் தினமும் பேசியும் அவர் முகம் எப்படியிருக்கும் என்று இவர்கள் இருவருக்கும் தெரியாது. வீட்டிலிருந்தே வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்.டி.டி. பரவியதும் போர்டைக் கழற்றினார்கள். மணிமொழியை மயிலாப்பூர் வாடிக்கையாளர் மையத்துக்கும், ஹாஜிரா பீயை அடையாறுக்கும் மாற்றினார்கள்.

மணிமொழி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "அமையல. அப்புறம் தோணல" என்பார். அதற்கு மேல் கேட்கவிட மாட்டார்.

2004இல் ஜவஹர் இன்ஜினீயரிங் படிக்கக் கோயம்புத்தூர் கிளம்பியபோது தன் பழைய கம்ப்யூட்டரை அத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்து சும்மா திறந்து பார்த்தவர், மீனம்பாக்கத்தில் ஏறித் தாம்பரத்தில் விழுந்தார். மறுநாளும் விழுந்தார். பத்தாம் நாள் திருச்சியில் இறங்கினார். உடனே ஹாஜிரா பீக்குப் போன் போட்டார்.

"ஹாஜிரா, நான் திருச்சில இறங்கிட்டேன்."

"எப்படி போனே? சொல்லவே இல்லயே?"

"ப்ளேன்ல. ஞாயித்துக்கெழம வா, காட்றேன்."

அந்த ஞாயிறு வெங்காய சமோசாப் பொட்டலத்தோடு வந்த ஹாஜிரா பீ அடுத்த ஞாயிறும் வந்தார். அதுவே வழக்கமாயிற்று. மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு விமானம் கிளம்பும். மணிமொழி ஓட்டுவார். ஹாஜிரா பீ பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் அட்லஸைப் பிரித்துவைத்து, கீழே தெரிவது எந்த ஆறு, எந்த ரயில்பாதை என்று சொல்லிக்கொண்டே வருவார். முதலில் போனதெல்லாம் போர்டில் அடிக்கடி கூப்பிட்ட ஊர்கள்தான். கோவில்பட்டிக்கு மேலே பறக்கும்போது ஹாஜிரா பீ, "இந்த ஊருக்கு லைன் கெடைக்கவே கெடைக்காது, ஞாபகம் கீதா? இப்ப பாரு, நேரா மேலயே வந்துட்டோம்" என்று சிரித்தார்.

ஏழு வருஷம் ஒரே திரையில் இப்படிப் பறந்தார்கள். மணிமொழிக்கு ஒரு குறை இருந்தது. நேரே பார்த்தால் வானம் தெரிகிறது. பக்கத்து ஜன்னல் இல்லை. வளைந்து திரும்பும்போது ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகிறது. மூன்று திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே காட்சியாக ஓட்டலாம் என்று இன்டர்நெட்டில் படித்தார். 2011 மார்ச்சில், பிறந்த பேட்டைக்குப் பக்கத்திலேயே, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனார்.

அங்கே ஒரு சந்துக்கடையில் அஃப்தாப் என்ற இளைஞர் கம்ப்யூட்டர் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். திருவல்லிக்கேணிக்காரர். மூன்று திரை என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"பையனுக்கா மேடம்?"

"எனக்குத்தான்."

"ஆபீஸ் வேலைக்கா?"

"ப்ளேன் ஓட்ட."

அஃப்தாப் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டார். "இன்னா மேடம், மொதல்லயே சொல்றது இல்லயா? உக்காருங்க."

அப்போது வழி இரண்டுதான். திரையில் படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு செய்பவர்களை அட்டைப்பெட்டி நிறத்தை வைத்துச் சிவப்புக் கம்பெனி, பச்சைக் கம்பெனி என்பார்கள். சிவப்புக் கம்பெனியின் கார்டு வாங்கினால் ஒன்றே மூன்று திரையையும் இழுக்கும். ஆனால் மூன்றாவது திரைக்குத் தனியாக ஒரு மாற்றுக் கம்பி வேண்டும், அது அந்த வாரம் ஊரில் எங்கேயும் இல்லை. பச்சைக் கம்பெனி என்றால் ஒரு கார்டு இரண்டு திரைக்குமேல் தாங்காது. ஒரே மாதிரி இரண்டு கார்டு போட்டு, நடுவே சின்னப் பட்டையால் இணைக்க வேண்டும். மணிமொழி இரண்டு நாள் யோசித்தார். காத்திருக்க மனம் வரவில்லை. இரண்டு கார்டு என்று முடிவு செய்தார். அஃப்தாப் பெரிய பெரிய விசிறி வைத்த அழகான ஜோடி ஒன்றைக் காட்டி, "சத்தமே கேக்காது மேடம், பூனை மாதிரி ஓடும்" என்றார்.

ஏப்ரல் வரை அது பூனை மாதிரிதான் ஓடியது. மே வந்தது. உள்ளறையில் ஏசி கிடையாது. ஒரு ஞாயிறு, மதுரையைத் தாண்டியதும் மூன்று திரைகளும் ஒரே சமயத்தில் இருண்டுபோயின. மறுபடி போட்டால் பத்து நிமிஷத்தில் மறுபடி அணைந்தது. வெப்பம் காட்டும் சாப்ட்வேர் ஒன்றைப் போட்டுப் பார்த்தார் மணிமொழி. கீழ் கார்டு எழுபத்துநாலு டிகிரி. மேல் கார்டு தொண்ணூற்றாறு.

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு மேசை ஃபேனைத் திருப்பிவைத்தார். எண்பத்தெட்டுக்கு இறங்கியது. இரண்டே வாரத்தில் உள்ளே தூசி அப்பி, ஒரு பல்லியும் குடிவந்தது. கதவைத் திரும்ப மாட்ட வேண்டியதாயிற்று. விமானம் மறுபடி மதுரையோடு நின்றது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தது ஹாஜிரா பீதான். கேபினெட்டைச் சுற்றி உள்ளங்கையை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

"மணி, கீழ இருக்கிறது விடுற மூச்சத்தான் மேல இருக்கிறது இழுக்குது. நடுவுல வெரல் விட எடம் இல்ல. பாவம், அது இன்னா பண்ணும்?"

"சூடு வெளிய போக வழியே இல்லைங்கிற?"

"எக்ஸ்சேஞ்சுல மெஷின் ரூம்ல எப்படி வெச்சிருந்தாங்க? சூட்ட அப்படியே பின்னால தள்ளிவிடல? நமக்கு ஏசி இல்லாட்டியும் அதுங்களுக்கு போட்டாங்களே!"

அடுத்த ஞாயிறு மணிமொழி அஃப்தாபை வீட்டுக்கே வரவழைத்தார். அவர் கதவைத் திறந்து, இரண்டு கார்டுக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தப்பு என்னுதுதான் மேடம். இந்த ஃபேன் கார்டு ஒண்ணு தனியா இருந்தா ராஜா. சூட்ட கேபினெட்டுக்குள்ளயே விடும். ரெண்டு ஒட்டி உக்காந்தா மேல இருக்கிறது வெந்துடும். இன்னொரு ஜாதி கீது. டப்பா மாதிரி மூடி இருக்கும், ஓரத்துல ஒரே ஒரு உருளை ஃபேன். சூடு மொத்தத்தையும் பின்பக்கமா வெளிய ஊதித் தள்ளிடும். ஆனா சத்தம்னா சத்தம், அப்படி ஒரு சத்தம்."

"எவ்ளோ சத்தம்?"

"முடி காய வைக்கிற மெஷின் மாதிரி. ரெண்டு. விடாம."

மணிமொழியும் ஹாஜிரா பீயும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எண்பது பெண்கள் ஒரே நேரத்தில் 'ஹலோ, ஹலோ' என்று கத்துகிற கூடத்தில் பதினாலு வருஷம் உட்கார்ந்த காதுகள்.

"அதையே போடு தம்பி" என்றார் மணிமொழி.

அஃப்தாப் பழைய ஜோடியை எடுத்துக்கொண்டு டப்பா ஜோடியை மாட்டினார். கீழ் கார்டை இன்னும் ஒரு படி இறக்கி, இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டார். கேபினெட்டின் முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க இரண்டு ஃபேன் வைத்தார். அன்று சாயங்காலம் விமானம் தூத்துக்குடி போய் இறங்கியபோது மேல் கார்டு எண்பத்திரண்டு டிகிரி. வாகைக்குளம் ஓடுபாதையின் இரண்டு பக்கமும் உப்பளம் போல வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மூன்று திரையிலும் தெரிந்தது. ஹாஜிரா பீ அட்லஸை மூடிவைத்துவிட்டு இடது ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அஃப்தாப் தேநீர் ஆறும்வரை நின்றுகொண்டே பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு மணிமொழி மேடம் இல்லை, அக்கா.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் மணிமொழியின் குரல் இளகிவிடும். சேலத்தில் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டது, ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சரியாக இறங்க வேண்டுமென்று திருவனந்தபுரத்திலிருந்து வேகமாக வந்தது, ஒருமுறை திருநெல்வேலி எக்ஸ்சேஞ்ச் பேச்சியம்மாளுக்காக என்று பாளையங்கோட்டைக்கு மேலே மூன்று சுற்று சுற்றியது. "அவங்க மொட்டமாடில நின்னா நம்மள பாத்திருப்பாங்க" என்றாராம் ஹாஜிரா பீ. விளையாட்டு என்பது அவர்கள் இருவருக்கும் பல நேரம் மறந்தே போயிருக்கிறது.

2016இல் ஹாஜிரா பீயின் மகன் உபைத் கொட்டிவாக்கத்தில், கடலுக்கு மூன்று தெரு தள்ளி வீடு கட்டினார். ராயப்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனார். முதலில் மாதம் இரண்டு ஞாயிறு வந்தார் ஹாஜிரா பீ. பிறகு முழங்கால் மக்கர் செய்தது. மந்தைவெளி வீட்டுக்கு லிஃப்ட் இல்லை, இரண்டு மாடி ஏற வேண்டும். பெருநாளைக்கு, பொங்கலுக்கு என்று குறைந்து, கொரோனாவோடு அதுவும் நின்றுபோனது. மணிமொழி தனியாகப் பறந்தார். அட்லஸ் பீரோவுக்கு மேலே போனது.

2023 டிசம்பரில், பன்னிரண்டு வருஷம் உழைத்த கீழ் கார்டு ஒருநாள் கோடுகோடாகக் காட்டிவிட்டு நின்றது. இப்போது நரைத்த தாடியோடு மாடியில் பெரிய கடை வைத்திருக்கும் அஃப்தாபிடம் அதைக் கொண்டுபோனார்.

"அக்கா, ரெண்டு கார்டு கதையெல்லாம் முடிஞ்சுது. கம்பெனிக்காரனே இணைக்கிற பட்டைய எடுத்துட்டான். இப்ப ஒரே கார்டு, நாலு திரை இழுக்கும். சூடும் ஏறாது. வாங்கிட்டுப் போய் நிம்மதியா ஓட்டுங்க."

அவர் சொன்னது சரிதான். புதுக் கம்ப்யூட்டர், ஒற்றைக் கார்டு, புது விளையாட்டு. மந்தைவெளியில் தன் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியே திரையில் தெரிந்தபோது மணிமொழி எழுந்து நின்றுவிட்டார். மே மாதத்திலும் அறுபத்தெட்டு டிகிரி. சத்தமே இல்லை. அந்த அமைதியில் முதல் முறையாக, பக்கத்து நாற்காலி காலியாக இருப்பது அவருக்கு உறைத்தது. இத்தனை நாளும் அந்த இரைச்சல் அதை மறைத்துவைத்திருந்தது போலும்.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. ஹாஜிரா வீட்டிலும் இதேபோல ஒன்று வைத்துவிட்டால்? இன்டர்நெட் வழியாக அவர் ஒரு விமானம், தான் ஒரு விமானம், பக்கத்தில் பக்கத்தில் பறக்கலாம். அஃப்தாபிடம் இரண்டாவது கார்டுக்குச் சொல்லியே விட்டார். அவர்தான் எச்சரித்தார்: "கொட்டிவாக்கமா? அந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற கார்டெல்லாம் பாத்தா கண்ணுல ரத்தம் வரும் அக்கா. உப்புக்காத்து, சூட்ட இழுக்கிற ஹீட் சிங்க் தகட்ட அரிச்சு மாவாக்கிடும். மொதல்ல ரூம போய் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை மணிமொழி கொட்டிவாக்கம் போனார். ஜன்னல் கம்பியெல்லாம் துரு. டி.வி. இரண்டு முறை மாற்றியாயிற்று என்றார் உபைதின் மனைவி புஷ்ரா. ஹாஜிரா பீயின் அறை தரைத்தளத்தில், ஏசியோடு இருந்தது. மணிமொழி ஜன்னல் எந்தப் பக்கம், பிளக் எங்கே என்று பார்த்துக்கொண்டே திட்டத்தைச் சொன்னார். உபைத் மரியாதைக்காகத் தலையாட்டினார். "அம்மாக்கு இந்த வயசுல கேமா ஆன்ட்டி?" என்றும் கேட்டுவிட்டார்.

மற்றவர்கள் வெளியே போனதும் ஹாஜிரா பீ கட்டிலில் நகர்ந்து இடம் விட்டு, "உக்காரு" என்றார்.

"இன்னா மணி இது? எனக்கு எதுக்கு தனி ப்ளேன்?"

"உனக்குப் பிடிக்குமேன்னுதான்."

"எனக்கு ப்ளேன் மேல இன்னா ஆசை கீது? நான் என்னிக்காவது ப்ளேன் ஓட்டுற அந்தக் குச்சியத் தொட்டிருக்கேனா? உன் பக்கத்துல உக்காந்து பழகிட்டேன். அதுக்காகத்தான் வந்துகினு இருந்தேன். நீ அங்க, நான் இங்க, காதுல ஹெட்போன மாட்டிகினு பேசறதுக்கு போன் போதாதா? அதத்தான பதினாலு வருஷம் சம்பளம் வாங்கிகினு செஞ்சோம்."

இருபது வருஷமாக மணிமொழி நினைத்துக்கொண்டிருந்தது வேறு. தன்னைப் போலவே ஹாஜிராவும் பறக்கத்தான் வருகிறார் என்று. திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. திருவான்மியூர் தாண்டியதும் அஃப்தாபுக்குப் போன் செய்தார்.

"தம்பி, அந்த ரெண்டாவது கார்டு வேணாம். என் பழைய டப்பா கார்டுக்கு ஜோடி கெடைக்குமா?"

"எதுக்குக்கா? அத இப்ப யாரும் தொடமாட்டாங்களே."

"ஹாஜிரா வீட்ல, அவ பக்கத்துல உக்காந்து ஓட்ட. உப்பு தின்னா பழசத் தின்னட்டும். கெடைக்குமா, கெடைக்காதா?"

இரண்டு வாரம் தேடினார்கள். ஜோடி சேர வேண்டுமானால் அதே வகை வேண்டும். தெருவின் கடைசியில் பழைய பாகங்கள் விற்கும் சைஃப் என்பவரின் மூட்டையில் அதே மாதிரி மூன்று கிடைத்தன. ஒன்று எரிந்துபோனது. இன்னொன்றின் ஃபேன் சுற்றவில்லை. மூன்றாவது ஓடியது. அஃப்தாப் அதைத் திறந்து, சூட்டைக் கடத்த உள்ளே தடவி, சுண்ணாம்பாகக் காய்ந்துபோயிருந்த பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிது தடவினார். மணிமொழி பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு கார்டின் தகடுகளிலும் ஒட்டியிருந்த அழுக்கைத் தட்டி எடுத்தார். கடை மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்து, "பரவால்ல, ஜோடிப் பொருத்தம் சரியா கீது" என்றார் அஃப்தாப்.

பழைய கம்ப்யூட்டரை ஹாஜிரா பீயின் அறையில் வைத்ததும், கொட்டிவாக்கத்தில் சூட்டோடு பழையபடி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இந்த முறை உப்பும் சேர்ந்துகொண்டது. ஜன்னலை மூடி ஏசி போட்டார்கள். உள்ளே போகும் காற்றை வடிகட்டலாம் என்று ஹாஜிரா பீ தன் பழைய மல்துணித் துப்பட்டாவைக் கிழித்துக் கேபினெட்டின் முன்னால் கட்டினார். காற்று போதாமல் மேல் கார்டு தொண்ணூற்றொன்றுக்குப் போனது. துணியை எடுத்துவிட்டுக் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்டினார்கள், எண்பத்தாறு. அரை மணி நேரத்தில் அது மறுபடி ஏறியது. இப்போது அறையே சூடாகி, ஏசி திணறியது. மணிமொழி எழுந்து கார்டுகளின் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். ஊதித் தள்ளிய சூடு சுவரில் மோதி அறைக்குள்ளேயே திரும்பி வந்துகொண்டிருந்தது. மேசையைப் பாதி சுற்றித் திருப்பி, கேபினெட்டின் முதுகு குளியலறைக் கதவைப் பார்க்கும்படி வைத்தார்கள். கதவைக் கொஞ்சம் திறந்து, உள்ளே இருந்த எக்சாஸ்ட் ஃபேனைப் போட்டார்கள். எண்பதில் நின்றது.

"குளிக்கப் போனா கொதிக்குது" என்று புஷ்ரா மட்டும் முணுமுணுத்தார். ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்து வரை அந்தக் குளியலறை யாருக்கும் இல்லை என்று ஏற்பாடாயிற்று. சத்தத்தைப் பற்றி ஹாஜிரா பீயிடம் கேட்டால், இப்போது காது கேட்க மாட்டிக்கொள்ளும் மெஷினைக் கழற்றிக் காட்டுவார். மணிமொழி பேச வேண்டியதைச் சத்தமாகப் பேசினால் போதும், மற்றதெல்லாம் தனக்குக் கேட்க வேண்டியதில்லை என்பார்.

இப்போது மணிமொழி வாரநாட்களில் தன் வீட்டுப் புதுக் கம்ப்யூட்டரில் பறக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய அட்லஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கொட்டிவாக்கம் போகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கார்டுகளைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அஃப்தாப். எப்படியும் இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்காது என்றும் சொல்லியிருக்கிறார். "தாங்குற வரைக்கும் தாங்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார் மணிமொழி.

போன மாதம் ஒரு ஞாயிறு ராமேசுவரம் பக்கம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வேதாரண்யத்தைத் தாண்டியதும் ஹாஜிரா பீயின் குரல் நின்றது. மணிமொழி திரும்பிப் பார்த்தார். ஹாஜிரா பீ நாற்காலியில் சாய்ந்து தூங்கியிருந்தார். விரல் அட்லஸில் கடற்கரை ஓரமாக இருந்தது. இரண்டு கார்டும் இரைந்துகொண்டிருந்தன. மணிமொழி ஏசியை ஒரு புள்ளி குறைத்துவிட்டு, போர்வையை அவர் முழங்கால்மேல் இழுத்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து மீனம்பாக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. ஓடுபாதை காலியாகத்தான் இருந்தது. எரிபொருள் இன்னும் நாற்பது நிமிஷத்துக்கு இருந்தது. அவர் இறங்கவில்லை. வலது பக்கம் சாய்த்துக் கடல்மேல் கொண்டுபோய், பெசன்ட் நகருக்கும் கொட்டிவாக்கத்துக்கும் நடுவே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார், ஹாஜிரா பீ கண் விழிக்கட்டும் என்று.